ஓடையும் ஓலையும்

ஐதராபாத்துக்கு வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு மூசி ஆறு முதன்முதலில் ஒரு நாற்றமாகவே அறிமுகமாகிறது. சாதர்காட் பாலத்தைப் பேருந்து கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் குழந்தையிடம் "இது ஆறு" என்று கூற நமக்கு நா எழுவதில்லை. காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் பிறந்து, இருப்புப்பாதை வேலைக்கும் படைவீட்டு வேலைக்கும் வாணிகத்துக்குமாகச் செகந்திராபாத் வந்து சேர்ந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். ஆறு என்றால் படித்துறை, மணல், ஆடிப்பெருக்கு என்றே எண்ணிப் பழகியவர்கள். லாலாகூடாவிலும் மாரேடுபள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தலைமுறை பல வாழ்ந்துவிட்ட பின்னும் நம் வீட்டு முதியோர் "நம்ம ஊர் ஆறு" என்று சொல்வது இவ்வூர் ஆற்றை அன்று.

மூசியாவது ஆறு என்னும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. அதனினும் சிறிய நீர்வழிகளின் நிலை இரங்கத்தக்கது. இந்நகரத்தார் 'நாலா' என்று வழங்கும் ஓடைகளையே குறிப்பிடுகிறோம். குகட்பல்லி நாலா, பிக்கெட் நாலா, பஞ்சாரா நாலா, பல்காப்பூர் நாலா ஆகிய நான்கும் உசேன் சாகரில் வந்து விழுகின்றன. அவ்வேரி 16ஆம் நூற்றாண்டில் இப்ராகிம் குதுப் ஷாவின் காலத்தில் எடுக்கப்பட்டது. பல்காப்பூர் நாலா அந்நாளில் சாக்கடை அன்று. மூசியின் நீரை ஏரிக்குக் கொணர்ந்த வாய்க்கால். ஏரி நிரம்பியபின் வழியும் நீர் வேறோர் ஓடையாக நகரின் ஊடே சென்று மீண்டும் மூசியைச் சேர்கிறது. இன்று இவற்றுள் ஒன்றைக் காட்டி, இது யாது என்று வழிப்போக்கர் ஒருவரை வினவினால் "சாக்கடை" என்று விடை வரும். அவர்மேல் குற்றமில்லை. கண்டதைச் சொன்னார்.

ஆயின் ஒரு நீர்வழியை நீர்வழி என்று முடிவு செய்வது எது? கண்ணா, காகிதமா, நீரா? இதை ஓர் அறநெறி வினா என்று கூறினால் சிலர் நகைக்கக்கூடும். அளவைச் சங்கிலியும் வரைபடமும் கொண்டு நில அளவையாளர் தீர்க்க வேண்டியதில் அறத்துக்கு என்ன வேலை என்பர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாளை இவ்வூர் இன்னும் மறக்கவில்லை. அன்று மூசி பெருகி நகரை வாரிக்கொண்டு போயிற்று. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. உருதுக் கவிஞர் அம்ஜத் ஐதராபாதி தம் தாயையும் மனைவியையும் மகளையும் அந்த வெள்ளத்தில் இழந்தார். அப்சல்கஞ்சில் மருத்துவமனை வளாகத்திலிருந்த ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் அளவில் உயிர் தப்பினர். அம்மரம் இன்றும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. நோயாளியைப் பார்க்கச் சென்ற நம்மவர் பலரும் அதன் நிழலில் நின்றிருப்பர், என்ன மரம் என்று அறியாமலே.

அடுத்த ஆண்டு நிசாம் அரசு விசுவேசுவரய்யாவை வரவழைத்தது. நகருக்கு மேலே நீரைத் தடுத்து நிறுத்தும் தேக்கங்கள் வேண்டும் என்று அவர் கூறியதன் பயனாகவே மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், அதன் கிளையான ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927இலும் எழுந்தன. இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கோடையில் முழங்கால் நனையாத ஆறு அது. ஆண்டில் பதினொரு திங்கள் மூசி எவ்வாறிருந்தது என்பதைக் கொண்டு அவர் அளவிட்டிருந்தால் இரு தேக்கங்களுக்கும் தேவையே இல்லை. அவர் அந்த ஒரு நாளின் அளவை எடுத்தார். ஆற்றின் இயல்பு அதன் வழக்கத்தில் இருக்கிறதா, அதன் எல்லையில் இருக்கிறதா என்னும் கேள்விக்கு ஒரு பொறியாளர் தந்த விடை அது. மனிதரைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நிசாம் ஆட்சியின் நிலவரிச் சட்டத்துக்கு 1317 பசலி ஆண்டின் பெயர். பசலி என்றால் நம் ஊர்க் கணக்குப்பிள்ளை குடும்பத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. 1317 பசலி ஆங்கிலக் கணக்கில் 1907-08ஐ ஒட்டி வருகிறது. வெள்ளம் வந்த காலமும் ஏறக்குறைய அதுவே. ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால், ஓடும் நீர் யாவும் அரசுக்குரியவை என்று அச்சட்டம் வகுத்தது. சொல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஓடை எது என்பதில் தெளிவு இருந்தால் எல்லாம் தெளிவே. அங்கேதான் வழக்குகள் எல்லாம் பிறக்கின்றன.

உலகெங்கும் இவ்வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசர் தொகுப்பித்த உரோமானியச் சட்ட நூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் இயற்கையால் அனைவர்க்கும் பொது என்றது. ஆங்கிலேயர் அதைச் சுருக்கினர். கடலின் ஓதம் ஏறும் இடம் வரை ஆற்றின் படுகை அரசுடையது. அதற்கு மேலே பொதுவாகக் கரை நிலத்தான் உடைமை. பேராறுகள் பாயும் அமெரிக்க நாட்டில் இந்த அளவுகோல் பொருந்தவில்லை. 1871இல் 'டேனியல் பால்' என்னும் நீராவிக் கப்பலைப் பற்றிய வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு புதிய அளவுகோலைத் தந்தது. மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ஆற்றில் உரிமமின்றி ஓடிய கப்பல் அது. ஓர் ஆற்றில் உண்மையாகவே கலம் செல்லுமாயின் சட்டத்திலும் அது கலம் செல்லும் நீர்வழியே என்பது தீர்ப்பு.

அன்று தொடங்கி அந்நாட்டில் ஊராட்சிகளும் கரை நிலத்தாரும் சின்னஞ்சிறு ஓடைகளுக்கெல்லாம் இதே கேள்வியைக் கேட்டு வழக்காடி வருகின்றனர். படகு செல்லுமா? செல்லும் எனின் அது பொது. வேலி போடலாகாது, தூர்க்கலாகாது. செல்லாது எனின் அவன் பாடு. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் ஆறு 1938இன் வெள்ளத்துக்குப் பின் பெரும்பாலும் கற்காரைத் தொட்டியாக்கப்பட்டது. 2008இல் அரசின் பொறியாளர் பிரிவு, அந்த ஆற்றில் சிறு பகுதி மட்டுமே கலம் செல்லத்தக்கது என்றது. எஞ்சியது காப்பிழக்கும் நிலை வந்தபோது, அதே ஆண்டில் சிலர் சிறு துடுப்புப் படகுகளை எடுத்துக்கொண்டு ஆற்றின் தலையிலிருந்து கடல் வரை சென்று காட்டினர். 2010இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை, ஆறு முழுவதுமே நீர்வழி என்று அறிவித்தது. படகு தட்டிய இடங்களில் இறங்கித் தூக்கிக்கொண்டுதான் சென்றார்களாம்! 2023இல் சாக்கெட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஈரநிலங்களுக்கான காப்பை மீண்டும் சுருக்கிவிட்டது. கயிறு இன்னும் இருபுறமும் இழுக்கப்படுகிறது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் வைகையும் இருக்கிறது, பாலாறும் இருக்கிறது. பாலாற்றில் படகு சென்றதை நம்முள் எவரேனும் கண்டதுண்டா? வேலூர்ப் பக்கத்து அன்பர்கள் அதன் மணலில் பந்தாடிய கதைகளையே கூறக் கேட்டிருக்கிறோம். காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையுள்ள கால்வாய்த் தொடர் 2008இலேயே தேசிய நீர்வழி ஆயிற்று. 1876-78இன் பெரும்பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழைகளின் உழைப்பால் நீட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய் அத்தொடரைச் சேர்ந்ததே. சென்னை நகருக்குள் அக்கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. நீர் இல்லாத ஆறு ஓலையில் நீர்வழி. தூண் நட்ட கால்வாயும் அவ்வாறே. ஓலையில் உள்ளது ஓடையில் இல்லை. ஓடையில் உள்ளது ஓலையில் இல்லை.

ஐதராபாத்தின் அளவுகோல் படகு அன்று, அகலம். 2012இன் கட்டட விதிகள், 10 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள ஓடையின் கரையிலிருந்து 9 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்கின்றன. அகலம் 10 மீட்டருக்குக் குறைந்தால் 2 மீட்டர் போதும். 10 எக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரியாயின் முழு நீர்மட்டக் கோட்டிலிருந்து 30 மீட்டர். அதனிற் சிறிய குட்டையாயின் 9 மீட்டர். ஒரு கோடு எங்கேனும் போடத்தான் வேண்டும். கோடில்லாத சட்டம் அதிகாரியின் விருப்பமாகிவிடும். அதை மறுப்பதற்கில்லை. எனினும் 10 மீட்டர் ஓடைக்கும் அதனினும் ஒரு முழம் குறைந்த ஓடைக்கும் இடையே நீர் அவ்வளவு பெரிய வேற்றுமையை அறியுமா? இன்னொன்று. அகலம் குறையக் குறைய விதியும் தளர்கிறது. ஆதலால் ஓடையை நெருக்கியவனுக்குச் சட்டம் தன்னை அறியாமலே பரிசளிக்கிறது. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

ஏரிகளின் கதை மேலும் சிக்கலானது. இங்கு 'சிக்கம்' நிலம் என்று ஒன்றுண்டு. ஏரியின் உள்வாயில், நீர் வற்றும் காலத்தில் உழுதுகொள்ளத் தனியாருக்குப் பட்டா உள்ள நிலம். நீர் நிற்கும் திங்களில் அது ஏரி. நீர் வடிந்த திங்களில் வயல். ஒரே மண்ணுக்கு இரு பெயர், இரு உடைமை, பருவத்துக்கு ஒன்றாக. பழைய ஏற்பாட்டில் இருந்த இந்த நுட்பத்தை நாம் வியக்கிறோம். உழுபவனும் நீரும் மாறி மாறி வந்து போயினர். ஒருவரையொருவர் வழக்குக்கு இழுக்கவில்லை. அம்மண்ணில் வீடு எழுந்ததும் அந்த முறைவைப்பு முறிந்தது. கதிரை அறுத்துக்கொண்டு வெளியேறலாம். வீட்டை அறுத்துக்கொண்டு எங்கே போவது?

நம் தமிழில் 'புறம்போக்கு' என்றொரு சொல் இருக்கிறது. வரிக்குப் புறம்பாக, ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட நிலம் அது. ஏரியும் ஓடையும் மேய்ச்சல் தரையும் சுடுகாடும் அதில் அடங்கும். இன்று தெருச் சண்டையில் அச்சொல் வசையாக வழங்குவதை அறிவீர்கள். யாருக்கும் உரியதல்லாதது இழிந்தது என்னும் மனப்பான்மை எந்தக் காலத்தில் நமக்குள் புகுந்ததோ! பொதுவுடையது என்பதும் கேட்பாரற்றது என்பதும் ஒன்றாகிவிட்டன.

2020ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் இரவைப் பற்றிக் கூற வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரே நாளில் 24 செ.மீ. மழை கொட்டி நகர் தத்தளித்ததும், அதன்பின் நாலாக்களை ஆராய்ந்து 2003இல் ஓர் அறிக்கை வந்ததும் பலர்க்கு நினைவிருக்கும். அறிக்கை வந்தது, நாலாக்கள் அகலவில்லை. 2020இல் நகரில் 19 செ.மீ.க்கு மேலும் புறநகர்க் கட்கேசரில் 32 செ.மீ.யும் மழை பெய்தது. அன்று மாலை நாம் ஒரு நண்பரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். திரும்ப வழியில்லாமல் இரவு அங்கேயே தங்க நேர்ந்தது.

நண்பர் இருப்புப்பாதைத் துறையில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் தொடக்க நாளிலிருந்து உறுப்பினர். வருங்கால வைப்பு நிதியை முழுவதும் இட்டு 2003இல் அந்த வீட்டை வாங்கினார். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் இருந்தது, பதிவு நடந்தது, வங்கி கடன் தந்தது, வீட்டுவரி ரசீதுகள் ஆண்டு தவறாமல் கோப்பில் உள்ளன. வீட்டின் பின்னால் ஒரு நாலா. வாங்கும்போது அது பற்றிக் கேட்டதற்கு, "மழைக்காலத்துல கொஞ்சம் தண்ணி போகும் சார், அவ்வளவுதான்" என்று விற்றவர் கூறினாராம். 2009இல் ஒரு மழையில் பின்கட்டில் நீர் புகுந்தது. அவ்வரிசையில் இருந்த எட்டு வீட்டாரும் சேர்ந்து பணம் போட்டு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினர். சுவருக்கு உறுதி வேண்டும் என்று கொத்தனார் கூறியதால் ஓடைக்குள் இரண்டு மீட்டர் அளவுக்கு நீட்டி அடித்தளம் போட்டனர். கடைக்கால் பூசையன்று நாமும் சென்று பாயசம் உண்டு வந்தோம். சுவர் இத்துணை உள்ளே போகிறதே என்று அன்று நமக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்போமா என்பது ஐயமே.

அந்த இரவில் சுவர் நின்றது. நண்பரின் வீட்டுக்குள் ஒரு சொட்டு நீர் புகவில்லை. அம்மையார் எல்லார்க்கும் உப்புமா கிண்டிப் போட்டார்கள். மின்சாரம் போய்விட்டது. நாம் மாடியில் நின்று கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது எதிர்க்கரை தெரிந்தது. அங்கே தகரக் கூரை வேய்ந்த வீடுகள் ஒரு வரிசை. கட்டட வேலைக்கு மகபூப்நகர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கியவர்கள் என்று பின்னர் அறிந்தோம். அவர்களும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்களே. கரை அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது. சுவரில் மோதிய நீர் முழுவதும் அப்பக்கம் திரும்பிற்று. கூரைமேல் ஏறியவர்களின் குரல் மழை ஓசையையும் மீறிக் கேட்டது. ஒரு குழந்தையைத் துணியில் கட்டி மேலே தூக்கினார்கள். நண்பர் விளக்கை அணைக்கச் சொன்னார். மின்கலம் தீர்ந்துவிடும் என்றார். அதுவும் உண்மைதான்.

மறுநாள் முற்பகல் மீட்புப் படையினரின் படகு அந்த ஓடை வழியாகவே வந்தது. எதிர்க்கரையாரை ஏற்றிக்கொண்டு சென்றது. எவரும் உயிரிழக்கவில்லை. படகு செல்லுமா என்னும் தேர்வில் அந்நாலா அன்று தேறிவிட்டது எனலாம்.

2024 சூலையில் தெலங்கானா அரசு 'ஐதரா' என்னும் புதிய அமைப்பை நிறுவியது. ஏரிகளையும் நாலாக்களையும் மீட்பது அதன் பணி. ஆகஸ்டில் மாதாபூரில் தம்மிடிகுண்டா ஏரிக்கரையில் இருந்த பெரிய மண்டபம் இடிக்கப்பட்டபோது நகரமே கைதட்டியது. வலியவர் கட்டடமும் விழும் என்று கண்ட மகிழ்ச்சி அது. அடுத்த சில வாரங்களில் கைதட்டல் குறைந்தது. மூசியின் படுகையில் இருந்த எளியோர் வீடுகளில் சிவப்பு மையால் குறியிட்டார்கள். மூசா நகரிலும் சங்கர் நகரிலும் இருந்தவர்களுக்கு வேறிடத்தில் இரு படுக்கையறை வீடுகள் தரப்பட்டன. தலைக்குமேல் நல்ல கூரை கிடைத்தது; கூலி வேலைக்குப் போகும் வழி நீண்டது. விடுமுறை நாளில் இடிப்பது என்ன முறை என்று உயர் நீதிமன்றம் அவ்வமைப்பைக் கடிந்து கேட்டதும் அந்தச் செப்டம்பரில்தான்.

நீதிமன்றங்களின் தீர்ப்புகளிலும் ஒரே குரல் இல்லை. பியாஸ் ஆற்றின் போக்கை ஒரு விடுதியார் தம் நலத்துக்காகத் திருப்பிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், அரசு இயற்கை வளங்களுக்கு உடைமையாளன் அன்று, பொதுமக்களின் சார்பில் அறங்காவலன் என்றது. 2011இல் பஞ்சாபின் ஓர் ஊர்க்குளத்தைப் பற்றிய சக்பால் சிங் வழக்கில், எவ்வளவு செலவிட்டுக் கட்டியிருந்தாலும் குளத்தின்மேல் கட்டியதைப் பணம் பெற்றுக்கொண்டு முறைப்படுத்தலாகாது என்றது. இடையில் 2006இல் திருப்பதியின் அவிலாலா, பேரூரு ஏரிகளைப் பற்றிய வழக்கில், கட்டி முடித்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, மேற்கொண்டு கட்டுவதைத் தடுத்து நிறுத்தியது. கேரளத்து மரடுவில் கடலோர விதியை மீறிய அடுக்ககங்கள் 2020 சனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நம்பி வாங்கியோர்க்கு இடைக்கால இழப்பீடாகத் தலைக்கு 25 இலட்சம் ரூபாய் தரச் செய்தது அதே நீதிமன்றம். இவற்றுள் எது நியாயம்? நம்மைக் கேட்டால், மரடுவில் நிகழ்ந்ததில்தான் பொறுப்பு ஓரளவேனும் பங்கிடப்பட்டது என்போம். வாங்கியவன் மட்டும் தலைகுனிந்து நிற்க, விற்றவனும் ஒப்பமிட்டவனும் கடன் தந்தவனும் வரி வாங்கியவனும் கைகழுவிக்கொண்டு போவதை அறம் என்று கூற முடியவில்லை.

ஆனால் நம்பி வாங்கினேன் என்னும் சொல் ஒருவனை எத்துணைக் காலம் காக்கும்? நண்பரின் நிலையை எண்ணிப் பார்க்கிறோம். 2003இல் அவருக்குத் தெரியாது. 2009இல் ஓரளவு தெரியும். 2020 அக்டோபருக்குப் பின் எல்லாம் தெரியும். அறியாமை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அதன் பலனாகக் கிடைத்த வீடு முடிவதில்லை. அந்த இடைவெளியில் மனிதன் செய்ய வேண்டியது யாது என்பதை எந்த விதியும் கூறவில்லை. வீட்டை இடித்துக்கொள் என்று நாமும் கூற மாட்டோம். அறுபத்தெட்டு வயதில் ஒருவர் வாடகை வீடு தேடுவது அறத்தின் வெற்றியாகாது. சுவரைப் பற்றித்தான் நம் எண்ணமெல்லாம்.

படகு செல்லுமா என்று கேட்ட சட்டம், பயன்படுத்துவோன் பக்கம் நின்று கேட்டது. அகலம் எத்துணை என்று கேட்கும் சட்டம் அளப்பவனுக்கு எளிதானதைக் கேட்கிறது. இந்நீரை இங்கே தடுத்தால் அது யார் வீட்டுக்குப் போகும் என்று இரண்டும் கேட்கவில்லை. ஓடை என்பது நீர் மட்டும் அன்று. மேலிருப்பவனுக்கும் கீழிருப்பவனுக்கும், இக்கரையானுக்கும் அக்கரையானுக்கும் இடையே உள்ள ஓர் உறவு. நம் ஊர்களில் மதகுக்கும் கலிங்குக்கும் முறை வைத்தவர்கள் அந்த உறவை அறிந்திருந்தார்கள். அவர்கள் எல்லார்க்கும் நியாயம் செய்தார்கள் என்று பழம்பெருமை பேச நாம் முன்வரவில்லை. கடைமடைச் சேரிக்கு நீர் எப்போது போயிற்று என்பதை நம் பாட்டனாரே கூறக் கேட்டிருக்கிறோம். எனினும் கேள்வியையாவது அவர்கள் சரியாகக் கேட்டார்கள்.

உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஆகியவற்றைச் சுற்றி 10 கி.மீ. வரையில் 84 ஊர்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தி 1996இல் ஓர் அரசாணை பிறந்தது. அதன் எண்ணும் 111. நீர்வழிகளின் தொகையோடு ஒத்திருப்பது தற்செயலே. 2022இல் மற்றோர் ஆணை அக்கட்டுப்பாட்டை நீக்கியது. ஏரிகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 2025 செப்டம்பர் இறுதியில் அவற்றின் மதகுகளைத் திறந்துவிட்டபோது மூசி பெருகி, ஆற்றின் நடுவே அமைந்த மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. விசயவாடா வண்டிக்கும் சென்னை வண்டிக்கும் நாம் மூட்டை முடிச்சுகளோடு காத்து நிற்கும் அதே இடந்தான்.

நண்பரின் வீட்டுக்கு வருவோம். அளவெடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் எட்டு வீட்டாரும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர். ஓரிடத்தில் அது மழைநீர் வடிகால் என்றார்களாம். மற்றோரிடத்தில் வாகு, அதாவது ஓடை என்றார்களாம். மூன்றாமிடத்தில் தங்கள் படத்தில் அப்படி ஒன்றே இல்லை என்று கூறி அனுப்பிவிட்டார்கள். வடிகாலாயினும் ஓடையாயினும் இப்போது அதன் அகலம் ஒன்பதரை மீட்டர். சுவரில்லாமல் இருந்தால் பதினொன்றரை. ஒன்பதரை எனின் 2 மீட்டர் தள்ளியிருந்தால் போதும். நண்பரின் வீடு 5 மீட்டர் தள்ளி இருக்கிறது. பதினொன்றரை எனின் 9 மீட்டர் வேண்டும். வீட்டின் பின்பாதி போய்விடும். ஓடையை நெருக்கிய சுவரே வீட்டைக் காக்கும் சான்றாகிவிட்டது. இதைத்தான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்னோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை நண்பர் ஒரு தாளோடு நம் வீட்டுக்கு வந்தார். வழக்கறிஞர் தட்டச்சு செய்து கொடுத்த பிரமாணப் பத்திரம். கடந்த இருபதாண்டுகளாக நாமறிந்தவரை அது பத்து மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள கழிவுநீர்க் கால்வாயே என்றும், எந்நாளும் அதில் பெருவெள்ளம் சென்றதில்லை என்றும் அதில் இருந்தது. கீழே நம் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நீங்க இருபது வருஷமா வந்து போறவர். உங்க சொல்லுக்கு மதிப்பு உண்டு, அண்ணா" என்றார். அவர் நம்மை அண்ணா என்று அழைத்தது அன்றுதான் முதல்முறை. அவரே நமக்கு ஈராண்டு மூத்தவர்.

நாம் உடனே விடை கூறவில்லை. வீட்டில் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். அவருடைய மகளின் திருமணத்தில் நாம் பந்தியில் நின்று பரிமாறியது நினைவுக்கு வந்தது. நமக்கு மருத்துவமனையில் அறுவை நடந்தபோது அவர் மூன்று இரவு கண்விழித்தது நினைவுக்கு வந்தது. கூரைமேல் துணியில் கட்டித் தூக்கிய குழந்தையின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்தவனுக்குச் செய்ய வேண்டியதும் தெரியாதவனுக்குச் செய்ய வேண்டியதும் மோதும்போது, தெரிந்தவன் கண்முன் காப்பிக் குவளையோடு அமர்ந்திருக்கிறான்.

பிறகு வேறொரு தாளை எடுத்து நாமே எழுதினோம். 2009இல் சுவர் எழும்புவதற்கு முன் ஓடையின் அகலம் ஏறத்தாழ எத்துணை என்றும், அதன்பின் எத்துணை என்றும், 2020 அக்டோபர் 13 இரவு நீர் எந்த உயரம் வரை ஏறியது, எப்பக்கம் திரும்பியது, மறுநாள் எந்த வழியாகப் படகு வந்தது என்றும் எழுதினோம். நண்பர் மனைப்பிரிவு ஒப்புதலை நம்பியே வீட்டை வாங்கினார் என்பதையும், சுவரை அகற்றி ஓடையை விரிவாக்கினால் வீட்டுக்கு இழப்பீடு தர வேண்டியது ஒப்பமிட்டவர்களின் கடமை என்பதையும் சேர்த்தோம். எதிர்க்கரையிலும் ஒரு கரை கட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதிக் கையொப்பமிட்டோம்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "படகு வந்ததை எழுதணுமா?" என்று மட்டும் கேட்டார். வந்ததே என்றோம். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தட்டச்சுத் தாளை மேசைமேலேயே விட்டுச் சென்றார். மறந்துவிட்டாரோ, வேண்டாமென்று விட்டாரோ, அறியோம். அளவெடுப்போர் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. பொங்கல் விழாவுக்கு அவர் வழக்கம்போல் குடும்பத்தோடு வந்திருந்தார். பந்தியில் நம் இலைக்கு இரண்டு இலை தள்ளி அமர்ந்தார்.